பதினாலாவது பரீட்சை

லார்ன் பெட்ரிஷின் பெரிய ஆட்டக்காரன் இல்லை. அதை முதலிலேயே சொல்லிவிடுவது நல்லது. பதினாறு வருஷம் சம்பளத்துக்கு ஐஸ் ஹாக்கி ஆடினான். பதினோரு ஊர், பதினோரு அணி. அந்த ஊர்களில் எதிலாவது போய் அவன் பெயரைச் சொல்லிப் பாருங்கள். கேன்டீனில் காபி ஊற்றுகிற அம்மாள் ஒருத்தி மட்டும், முன்பல் இல்லாத பையன்தானே, மரியாதையாகப் பேசுவான் என்பாள். மற்றவர்களுக்கு ஞாபகம் இருக்காது.

அவன் பின்வரிசையில் ஆடுகிறவன். கோல் போடுவது அவன் வேலை இல்லை. போட வருகிறவனை நிறுத்துவதுதான் வேலை. எதிரி ஓங்கி அடிக்கிற ரப்பர் வட்டுக்கு முன்னால் போய் விழ வேண்டும். மூலைக்கு ஓடுகிறவனைப் பலகைச் சுவரோடு சேர்த்து நசுக்க வேண்டும். கோல் வாசலைக் காக்கிற தன் கோலியை எவனாவது இடித்துவிட்டால் கையுறையை உதறிவிட்டு அவன் சட்டையைப் பிடிக்க வேண்டும். இதற்கெல்லாம் கைதட்டல் பெரிதாகக் கிடைக்காது. கிடைக்கிற கைதட்டலும் ரத்தம் வந்தால்தான்.

சஸ்காச்சுவானில் கில்டேர் என்ற கோதுமை ஊர்தான் அவன் பிறந்த இடம். பதினாறு வயதில் பையைத் தூக்கிக்கொண்டு வெளியூர் இளையோர் அணிக்குப் போனான். அங்கே யார் வீட்டிலோ தங்கி, யார் சமைத்ததையோ சாப்பிட்டு, பள்ளிக்கூடத்துக்குப் பாதி நாள் மட்டம் போட்டான். அந்தப் பக்கத்துப் பையன்கள் எல்லாரும் அப்படித்தான் போவார்கள். பதினெட்டு வயதில் பெரிய லீக் அணிகள் புது ஆட்களைப் பொறுக்கியபோது கடைசிச் சுற்றில் அவன் பெயரையும் கூப்பிட்டார்கள். செய்தி வந்தபோது அப்பா வயலுக்கு மருந்தடித்துக்கொண்டிருந்தார். வீட்டுக்குள் வந்தார், ஃபோனைக் காதில் வைத்துக் கேட்டார், "நல்லதுப்பா" என்றார், மிச்சத்தை அடிக்கப் போய்விட்டார்.

பெரிய லீக்கை அவன் ஒரே ஒரு நாள் பார்த்தான். இருபத்து மூன்று வயது. ஒருவனுக்கு இடுப்பில் பிடிப்பு, உடனே வா என்று விமானத்தில் அழைத்தார்கள். முதுகில் பெட்ரிஷின் என்று தைத்த சட்டை. ஆட்டத்துக்கு முந்தைய ஒத்திகையில் பதினாறு நிமிஷம் அந்தச் சட்டையோடு வட்டமடித்தான். உள்ளே வந்தால், இடுப்பு பிடித்தவன் எழுந்து நின்று, எனக்கு இப்போது பரவாயில்லை என்கிறான். லார்ன் சட்டையைக் கழற்றிக் கொக்கியில் மாட்டினான். கோட்டுப் போட்டுக்கொண்டு மேல்மாடியில் உட்கார்ந்து, பாப்கார்ன் தின்றுகொண்டே ஆட்டம் பார்த்தான். மறுநாள் திருப்பி அனுப்பிவிட்டார்கள். வருத்தமாக இருந்ததா என்று பிறகு பலபேர் கேட்டிருக்கிறார்கள். அவனும் யோசித்துப் பார்த்திருக்கிறான். பாப்கார்னில் உப்பு அதிகம் என்பதுதான் ஞாபகம் வரும்.

அதற்கப்புறம் பஸ்தான். ஐந்து மணி நேரப் பஸ், ஒன்பது மணி நேரப் பஸ். கோச் கதவைச் சாத்தச் சொன்னால் வேறு ஊருக்கு மாற்றிவிட்டார்கள் என்று அர்த்தம். ஒரு தடவை கதவுகூட இல்லை. வழியில் பெட்ரோல் போட நின்ற இடத்தில் வைத்தே சொன்னார்கள். தன் பையையும் மட்டைகளையும் பஸ்ஸின் வயிற்றிலிருந்து இழுத்துப் போட்டுக்கொண்டு, புது அணியின் பஸ் வரும்வரை நாலு மணி நேரம் குளிர்பான மெஷினுக்குப் பக்கத்தில் நின்றான். கிளம்பிய பஸ்ஸிலிருந்து கையசைத்தார்கள், இவனும் அசைத்தான்.

மூன்றாவது ஊரில் கோரின் கிடைத்தாள். பல் டாக்டரின் வரவேற்பு மேஜையில் இருந்தவள். ஹாக்கிக்காரனுக்குப் பெண் பார்க்க அதைவிடத் தோதான இடம் ஏது? ஒன்றரை நாளில் ஒரு வீட்டையே பெட்டியில் அடைத்துவிடக்கூடிய பெண். அவன் ஆடிய ஆட்டங்களின் கணக்கும் அவளிடம்தான். சமையலறைக் காலண்டரில் ஒவ்வொரு ஆட்டத்துக்கும் ஒரு சின்னக் குறி போடுவாள், வருஷ முடிவில் கூட்டி அட்டையின் பின்பக்கம் எழுதுவாள். போன ஏப்ரலில் அந்தத் தொகை தொள்ளாயிரத்துத் தொண்ணூற்றொன்று.

ஆயிரத்துக்கு ஒன்பது குறைவு. சின்ன லீக்குகளில் ஆயிரம் ஆட்டம் ஆடியவனுக்கு ஒரு மரியாதை உண்டு. நடு ஐஸில் கம்பளம் விரித்து, மனைவி பிள்ளைகளோடு நிறுத்தி, வெள்ளி முலாம் பூசிய மட்டை ஒன்றைக் கையில் கொடுப்பார்கள். இரண்டு அணிக்காரர்களும் தங்கள் மட்டையால் ஐஸைத் தட்டுவார்கள். கோப்பை எதுவும் ஜெயிக்காத லார்ன், வாழ்க்கையில் வாய்விட்டு ஆசைப்பட்டது அது ஒன்றுக்குத்தான். அந்தத் தட்டல் சத்தத்தை ஒரு தடவை தனக்காகக் கேட்க வேண்டும்.

உடம்பைப் பற்றி அவன் பேசமாட்டான், நாம்தான் பேச வேண்டும். முழங்கால் இரண்டும் அறுத்துத் தைத்தவை. இடது தோள் மழைக்கு முன்னால் தகவல் சொல்லும். ஆறாவது ஊரில் ஒரு வட்டு வாயில் பட்டு, முன்பல் நாலும் போனதோடு உதட்டுக்குள் ஒரு நரம்பும் அறுந்துபோயிற்று. அன்றிலிருந்து கீழுதட்டின் இடது பாதி மரத்துக் கிடக்கிறது. காபி வழிந்தாலும் தெரியாது, சூப் ஒட்டினாலும் தெரியாது. அதற்குக் கோரின் ஒரு வழி வைத்திருந்தாள். கல்யாண விருந்தோ, அணியின் சாப்பாட்டு மேஜையோ, எதிரே உட்கார்ந்தபடி தன் உதட்டில் விரலை வைப்பாள். அவன் உடனே நாப்கினை எடுத்துத் துடைத்துக்கொள்வான். பேச்சு நடுவில் நிற்காது. பத்து வருஷப் பழக்கத்தில் அவள் கை மேலே போகும்போதே அவன் கை நாப்கினைத் தேடும்.

இனி பரீட்சைக்கு வருவோம்.

செப்டம்பர் முகாமின் முதல் நாள் ஒவ்வொருவனையும் கம்ப்யூட்டர் முன்னால் உட்கார வைப்பார்கள். பன்னிரண்டு சொற்களைத் திரையில் காட்டும், வடிவங்களைக் காட்டும், நிறம் மாறினால் பொத்தானை அமுக்கச் சொல்லும். இருபது நிமிஷம் கழித்து அந்தப் பன்னிரண்டு சொற்களையும் திருப்பிக் கேட்கும். இது நல்ல தலையின் மதிப்பெண். ஜனவரியில் எவனாவது தலையில் அடிபட்டு விழுந்தால் மறுபடி உட்கார வைப்பார்கள். மதிப்பெண் செப்டம்பரில் வாங்கியதற்கு இணையாக வந்தால்தான் ஐஸில் இறங்கலாம். குறைந்தால் வெளியே உட்கார வேண்டும். சின்ன லீக்கில் வெளியே உட்கார்ந்தவனின் இடத்துக்கு மறுநாளே இன்னொருவன் பஸ் ஏறி வந்துவிடுவான்.

ஆகையால் டிரெஸ்ஸிங் ரூமில் எல்லாரும் கண்டுபிடித்த வழி ஒன்றுதான். செப்டம்பரில் வேண்டுமென்றே மக்காக எழுது. செப்டம்பரிலேயே மந்தமாக இருந்துவிட்டால் ஜனவரியில் மயங்கி விழுந்தாலும் வித்தியாசம் தெரியாது. அதிலும் ஒரு பக்குவம் வேண்டும். மூன்றுக்கு ஒரு சொல்லை விட்டுவிட வேண்டும், பொத்தானை அரை மூச்சு தாமதமாக அமுக்க வேண்டும். ரொம்ப நடித்தால் மெஷின் நம்பாது, திரும்ப எழுதச் சொல்லும். முதல் வருஷம் லார்னுக்கு ஆறு சொல் போய்விட்டது, திரும்ப எழுத வேண்டியதாயிற்று. பக்கத்தில் இருந்தவன், "இவ்வளவு முட்டாளா இருந்தா உன்னை கோச் ஆக்கிடுவாங்கடா" என்றான்.

இந்தப் பரீட்சை வந்ததிலிருந்து அப்படிப் பதின்மூன்று செப்டம்பர்கள் எழுதினான். அந்தக் கோப்பு ஊர் ஊராக அவன் பின்னாலேயே வந்தது. நாலு தடவை அது அவனைக் காப்பாற்றியது, அல்லது காப்பாற்றியதாக அவன் நினைத்துக்கொண்டான். ஒரு தடவை அறை விளக்கே கரண்டி போல வளைந்து தெரிகிற நிலையில் உட்கார்ந்து எழுதித் தேறினான், சனிக்கிழமை ஆட்டத்தில் இறங்கினான். இதில் அவனுக்குக் கொஞ்சம் பெருமைகூட உண்டு. கோரினிடம் மட்டும் சொன்னதில்லை. வீட்டில் சொல்லக்கூடிய விஷயமா அது?

போன ஜூலையில் கில்டேரில் இருந்தார்கள். மகள் டெஸ்ஸுக்கு ஒன்பது வயது. நீச்சல் வகுப்பிலிருந்து அவளைக் கூட்டிவர லார்ன் காரை எடுத்துக்கொண்டு போனான். வழியில் ஒரு நாற்சந்தி. பத்து வயதிலிருந்து சைக்கிளில் கடந்த நாற்சந்தி அது. நிறுத்தினான், இரண்டு பக்கமும் பார்த்தான். இடதா வலதா என்று தெரியவில்லை. கொஞ்சம் காத்திருந்தால் வந்துவிடும் என்று இன்ஜினை அணைக்காமல் உட்கார்ந்திருந்தான். நாற்பது நிமிஷம் கழித்துப் பக்கத்து வயல்காரர் வந்து கண்ணாடியைத் தட்டினார். டெஸ் ஈரத்தலையோடு நீச்சல்குளத்துப் படியில் உட்கார்ந்திருந்தாள்.

வயல்காரரின் மனைவி மூலமாகத்தான் கோரினுக்கு விஷயம் போயிற்று. அவள் அழவில்லை, கத்தவில்லை. கார் சாவியைத் தன் பைக்குள் போட்டுக்கொண்டாள். அன்றிலிருந்து எல்லா இடத்துக்கும் அவளே ஓட்டினாள். ஒரு வாரம் கழித்துப் பாத்திரம் துடைத்துக்கொண்டே பேச்சை எடுத்தாள்.

"செப்டம்பர்ல அந்தத் தலைப் பரீட்சை வைப்பாங்கல்ல? இந்தத் தடவை ஒழுங்கா, நிதானமா எழுது. பேப்பரை என்கிட்ட கொண்டு வா. போன வருஷத்தைவிட இறங்கியிருந்தா அத்தோட நிறுத்திடணும். ஆயிரமும் வேணாம், வெள்ளிக் குச்சியும் வேணாம். அதே மார்க்னா ஆடு. நான் வாயைத் திறக்க மாட்டேன்."

"சரி."

"சரின்னா?"

"சரின்னா சரிதான் கோரின்."

சொன்ன பிறகுதான் அவனுக்குக் கணக்கு புரிந்தது. ஒழுங்காக எழுதினால் மதிப்பெண் ஏறத்தானே செய்யும்? பதின்மூன்று வருஷம் மூன்றுக்கு ஒன்றை விட்டவன் ஒன்றையும் விடாமல் எழுதினால், கோடு மேலே போகும். வேண்டுமென்றே குறைத்துக்கொண்டிருந்தாயா என்று மர்வ் கண்ணடிப்பான். மர்வ் அணியின் உடல்நலக்காரன், அவனுக்குத் தெரியாத திருட்டுத்தனம் கிடையாது. அவ்வளவுதான் நடக்கும் என்று லார்ன் நினைத்தான். இந்த முறை பொய் சொல்ல வேண்டியதே இல்லை என்பது அவனுக்கு நிம்மதியாகக்கூட இருந்தது.

செப்டம்பரில் நார்த் பெண்டன் ஊருக்கு வந்து சேர்ந்தார்கள். அவனுடைய பதினோராவது ஊர், இரண்டாவது வருஷம். வாடகை வீடு, பெட்டிகள் பாதி பிரிக்கவில்லை. முகாமின் முதல் நாள் லார்ன் காலையிலேயே காபி குடித்து, முகம் கழுவிக்கொண்டு போய்க் கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்தான். பக்கத்து மேஜையில் கோலி லெவெஸ்க். கியூபெக் பக்கத்து ஆள், நாலு வருஷமாக லார்னுக்குச் சிநேகிதன். அவன் திரையைப் பார்க்காமலேயே பொத்தானை அமுக்கிக்கொண்டிருந்தான்.

லார்ன் ஒவ்வொரு சொல்லையும் உதடு அசையப் படித்தான். குதிரை, ஏணி, வெண்ணெய், சுத்தியல், பாலம். தனக்குத் தெரிந்த இடங்களில் ஒவ்வொன்றையும் வைத்தான். குதிரையை அப்பாவின் கொட்டகையில், ஏணியை அதன் சுவரில். நன்றாகத்தான் போயிற்று. பொத்தானைத் தன்னால் முடிந்த வேகத்தில் அமுக்கினான். இருபது நிமிஷம் கழித்துச் சொற்களைக் கேட்டபோது மளமளவென்று எழுதினான். எழுதி முடித்துவிட்டு, இதைவிட நன்றாக ஒருவன் எழுத முடியாது என்று நினைத்துக்கொண்டான்.

மர்வ் அச்சடித்த தாளை எடுத்து வந்தான். பன்னிரண்டில் எட்டு. பொத்தான் அரை மூச்சு தாமதம். கீழே பதினாலு வருஷத்துக்கும் ஒரு கோடு.

"பாரு, ஸ்கேல் வெச்சுப் போட்ட மாதிரி இருக்கு," என்றான் மர்வ். "எல்லாரும் மாறிட்டானுங்க, நீ மாறவே இல்லை பெட்ரி. போய் ஸ்கேட்ஸைக் கட்டு."

லார்ன் தாளை வாங்கிப் பார்த்தான். எட்டு என்ற எண்ணைப் பார்த்தான். விட்டுப்போன நாலு சொற்கள் எவை என்று யோசித்தான். அப்படி நாலு சொற்கள் இருந்ததாகவே அவனுக்குத் தோன்றவில்லை. பயம் வரும் என்று கொஞ்ச நேரம் நின்று பார்த்தான். வரவில்லை. உதட்டின் இடது பாதி எப்படி மரத்திருந்ததோ, உள்ளேயும் அப்படியே இருந்தது.

டிரெஸ்ஸிங் ரூமில் லெவெஸ்க் கால் கவசத்தின் வாரை இறுக்கிக்கொண்டிருந்தான். லார்ன் பக்கத்தில் உட்கார்ந்து, தாளைக் காட்டி, "இந்தத் தடவை நான் நடிக்கலைடா" என்றான்.

லெவெஸ்க் சிரித்தான். "அப்போ இத்தனை வருஷமா நீ நடிச்சதுதான் அசல்."

லார்ன் சிரிக்கவில்லை. லெவெஸ்க் அவன் முகத்தைப் பார்த்தான், தாளைப் பார்த்தான். பிறகு வாரைக் கழற்றித் திரும்ப மாட்டினான். அது சரியாகத்தான் மாட்டியிருந்தது.

"யார்கிட்டயாவது சொல்லிட்டியா?"

"இல்லை."

"சொல்லாதே. ஒன்பது ஆட்டம்தானே மச்சான். நான் பின்னாடி நிக்கிறேன். உன் பக்கம் எவனும் வேகமா வராமப் பார்த்துக்கலாம்."

கோலியால் அதெல்லாம் பார்த்துக்கொள்ள முடியாது என்று இரண்டு பேருக்கும் தெரியும். இருந்தாலும் அவன் பிரியத்தோடுதான் சொன்னான். லார்ன் ஸ்கேட்ஸைக் கட்டிக்கொண்டு ஐஸுக்குப் போனான். பயிற்சியும் நன்றாகவே நடந்தது. கால்களுக்கு எல்லாம் ஞாபகம் இருந்தது.

மத்தியானம் லெவெஸ்க்தான் வீட்டு வாசலில் இறக்கிவிட்டுப் போனான். கோரின் பெரோகி என்கிற உருளைக்கிழங்குக் கொழுக்கட்டைகளை வேகவைத்து, வெங்காயத்தோடு வதக்கிக்கொண்டிருந்தாள். முதுகைக் காட்டியபடியே, பரீட்சைப் பேப்பர் வந்ததா என்றாள். அவன் தாளை மேஜையில் வைத்தான். அவள் கையைத் துடைத்துக்கொண்டு வந்து, நின்றபடியே படித்தாள். கோட்டின் மேல் விரலை வைத்து முதல் வருஷத்திலிருந்து கடைசி வருஷம்வரை தடவிக்கொண்டு போனாள்.

"அப்படியே இருக்கு," என்றாள். "லார்ன், கொஞ்சம்கூட இறங்கலை."

பிறகு அவள் நாற்காலியில் உட்கார்ந்துவிட்டாள். இரண்டு மாதமாகத் தூக்கமில்லை, உன்னிடம் சொல்லாமல் படுத்திருந்தேன் என்றாள். வெயிலாகத்தான் இருக்கும், அன்றைக்குத் தண்ணீர் குடித்திருக்க மாட்டாய் என்றாள். சிரித்தாள். அந்தச் சிரிப்பை ஜூலைக்கு அப்புறம் அவன் இன்றுதான் கேட்கிறான். தட்டில் பெரோகியும் புளித்த கிரீமும் போட்டுக் கொடுத்துவிட்டுக் காலண்டரைச் சுவரிலிருந்து எடுத்துவந்தாள். அக்டோபர், நவம்பர் என்று புரட்டி எண்ணினாள். அடிபடாமல் ஆடினால் ஆயிரமாவது ஆட்டம் நவம்பர் எட்டு, சனிக்கிழமை, உள்ளூர் ஐஸ் அரங்கிலேயே. அப்பாவை வரச்சொல்லலாம், அறுவடை முடிந்திருக்கும். டெஸ்ஸுக்குச் சிவப்பு கோட்டு வாங்க வேண்டும். பேசிக்கொண்டே தன் உதட்டில் விரலை வைத்தாள், அவன் நாப்கினை எடுத்துக் கிரீமைத் துடைத்தான்.

பொய் ஒன்றும் சொல்லவில்லை என்று லார்ன் நினைத்தான். ஒழுங்காக எழுதச் சொன்னாள், எழுதினேன். தாளைக் கேட்டாள், கொடுத்தேன். எல்லாமே உண்மை. இப்படியே சாப்பிட்டு முடித்தால் போதும், அந்தத் தட்டல் சத்தத்துக்கு ஏழு வாரம்தான்.

கோரின் கடிகாரத்தைப் பார்த்தாள். தன் பைக்குள் கையை விட்டுத் துழாவினாள். கார் சாவியை எடுத்து அவன் தட்டுக்குப் பக்கத்தில் வைத்தாள்.

"டெஸ்ஸுக்கு மூணு மணிக்கு நீச்சல் வகுப்பு முடியுது. நீயே போய்க் கூட்டிட்டு வா," என்றாள். கொஞ்சம் வெட்கப்பட்டாள். "நான் உன்னை ரொம்பப் படுத்திட்டேன்."

சாவியில் டெஸ் கட்டிய நீல நூல் இருந்தது. லார்ன் அதைக் கையில் எடுத்தான். நீச்சல்குளம் எந்தப் பக்கம் என்று மனதுக்குள் பார்த்தான். வீட்டு வாசலைப் பார்த்தான், தெருமுனையைப் பார்த்தான். அதற்கப்புறம் கில்டேர் நாற்சந்தி வந்தது. அது அறுநூறு மைல் தள்ளி இருக்கிறது என்று அவனுக்குத் தெரியும். வேறு எதுவும் வரவில்லை.

சாவியை மேஜையில் வைத்தான். அவள் பக்கம் தள்ளினான்.

"கோரின், முன்னாடி எழுதின பதிமூணும் பொய்."

"என்ன பொய்?"

"வேணும்னே தப்பா எழுதுவேன். மூணுக்கு ஒரு சொல்லை விட்டுடுவேன். எல்லாரும் அப்படித்தான் செய்வாங்க, அடிபட்டா தெரியக் கூடாதுன்னு." தாளின் கடைசிப் புள்ளியில் விரலை வைத்தான். "இது மட்டும்தான் நிஜம். இதுல நான் எதையும் விடலை."

கோரின் தாளைப் பார்த்தாள். நேராகப் போகிற அந்தக் கோட்டைத் திரும்ப முதலிலிருந்து பார்த்துக்கொண்டு வந்தாள். கடைசிப் புள்ளிக்கு வந்ததும் நிறுத்தினாள். அடுப்பில் வெங்காயம் கருகுகிற வாசனை வந்தது, இரண்டு பேரும் எழுந்திருக்கவில்லை. காலண்டரில் நவம்பர் திறந்தபடி கிடந்தது.

அவள் கை மெதுவாக மேலே போயிற்று. விரல்கள் உதட்டுக்குப் போய் அங்கேயே நின்றன.

லார்ன் நாப்கினை எடுத்துக் கீழுதட்டின் இடது பக்கத்தைத் துடைத்தான். நாப்கினைப் பார்த்தான், அதில் ஒன்றும் இல்லை. அவள் இன்னும் கையை எடுக்கவில்லை. அவன் மறுபடி துடைத்தான்.